உன் கால் யார் தோளில்

கோல் மார்க்கெட், புதுதில்லி
19 மே 2024, ஞாயிறு

மாதுவுக்கு,

நான் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். இல்லாவிட்டால் போட்டோவில் அப்படிச் சிரிக்க வராது.

போனில் பேசினால் இரண்டாம் நிமிஷமே உங்கள் குரல் ஏறிவிடுகிறது, எழுதுங்கள், எழுதினால்தான் பதில் என்று சொல்லிவிட்டு நீ கிளம்பிப் போய் ஒரு வாரம் ஆகிறது. சரி, எழுதுகிறேன். உங்கள் மலையேற்றக் குழுவின் தில்லி ஆபீஸிலிருந்து வாரம் இரண்டு தடவை சாங்க்ரி முகாமுக்குச் சாமான் ஜீப் போகிறதாம். அதில் அரிசி பருப்போடு இதுவும் வரும். இருபத்திரண்டு வருஷமாக சர்க்காருக்கே எழுதிப் பழகியவன். பெண்டாட்டிக்கு எழுதும்போது கொஞ்சம் விறைப்பாக இருந்தால் பொறுத்துக்கொள்.

விஷயத்துக்கு வருகிறேன். வெள்ளிக்கிழமை கேண்டீனில் ராமசுப்ரமணியன் தன் போனை என் மூக்குக்கு நேரே நீட்டினார். "ஜம்பு சார், இது உங்க மிஸஸ்தானே? பிரமாதம் சார். ஆமா, காலை யார் வெச்சிண்டிருக்கா?" அவர் விஷமமாகக் கேட்கவில்லை. அவருக்கு எல்லாவற்றையும் சத்தமாகக் கேட்டுத்தான் பழக்கம். பக்கத்து மேஜையில் டீ குடித்துக்கொண்டிருந்த நான்கு பேர் எட்டிப் பார்த்தார்கள்.

உங்கள் குழு போட்டிருந்த படம். ஓடைக்கு நடுவில், பேண்ட்டின் இடது பக்கத்தை முழங்காலுக்கு மேலே சுருட்டிக்கொண்டு, இரண்டு ஊன்றுகோலையும் பாறையில் ஊன்றி நீ நிற்கிறாய். வாய் நிறையச் சிரிப்பு. உனக்குப் பின்னால் ஒருவன். அவன் தோளில் உன் கால். ஷூ மாட்டியபடி. கரும்பு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறவன் மாதிரி அலட்சியமாகச் சாய்த்துப் போட்டிருக்கிறான்.

யார் மாது அவன்?

நான் ஏன் கேட்கிறேன் என்று உனக்குத் தெரியும். மூன்று வருஷம் முன்னால் அந்தத் தண்ணீர் லாரி உன் ஸ்கூட்டரை இடித்து, முழங்காலுக்குக் கீழே இடது காலை எடுக்க வேண்டி வந்தபோது, தினமும் கட்டு மாற்றியவன் நான். முதலில் செய்த காலுக்கு ஸாக்ஸ் துவைத்துப் போட்டவன் நான். ஆனால் ஏழு மாதமாக நீ அறைக்கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டுதான் காலைக் கழற்றுகிறாய். காலையில் மாட்டிக்கொண்டுதான் கதவைத் திறக்கிறாய். எனக்குக் காட்டாத காலை எவனோ தோளில் போட்டுக்கொண்டு போகிறான், அதற்கு முன்னூறு பேர் லைக் போட்டிருக்கிறார்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இந்த மலையெல்லாம் உனக்கு வேண்டாம் என்று நான் சொன்னது வீம்புக்கு இல்லை. போன நவராத்திரியில், புதுக் கால் வந்து பத்து நாள்கூட ஆகாதபோது, வீட்டு ஹாலில், சமதரையில் நீ விழுந்தாய். மூன்றாம் நாள் கொலு. பதினைந்து பெண்கள் பார்க்க, தாம்பாளத்தோடு பின்பக்கமாகச் சாய்ந்தாய். செட்டியார் பொம்மை உடைந்தது. செட்டியாரம்மா மட்டும் இப்போது அட்டைப் பெட்டியில் தனியாக இருக்கிறாள். சமதரையில் நிற்காத கால் பன்னிரண்டாயிரம் அடியில் நிற்குமா? இரண்டு கால் இருந்தபோது தெருமுனைக் கடைக்குப் போகவே ஆட்டோ கேட்டவள் நீ.

வாசல் செருப்பு ஸ்டாண்டில் உன் தட்டு காலியாக இருக்கிறது. தினமும் என் செருப்பை நேராக வைக்கும்போது கண்ணில் படுகிறது.

ஜம்பு

~

சாங்க்ரி முகாம்
23 மே 2024

ஜம்புநாதன் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கோதுமை மாவு மூட்டைக்கு அடியில் வந்தது. உதறிவிட்டுப் படித்தேன்.

போட்டோவில் இருப்பவர் பெயர் மதன். எங்கள் வழிகாட்டி. அப்பா அம்மா விழுப்புரத்திலிருந்து தில்லிக்கு ரோடு போட வந்தவர்கள். பிறந்து வளர்ந்தது தக்ஷிண்புரியில். தமிழ் பேசுவார், எழுதப் படிக்கத் தெரியாது. முப்பது வயது, கல்யாணம் ஆகிவிட்டது, ஒரு பெண் குழந்தை. இதெல்லாம் நீங்கள் அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள் என்பதால் இப்போதே எழுதிவிட்டேன்.

அந்த ஓடையில் தண்ணீர் தொடை வரைக்கும் வரும். கணுக்கால் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிற உலோகத்துக்குள் மணலும் தண்ணீரும் போனால் கெட்டுவிடும். அதனால் கழற்ற வேண்டும். நான் பாறையில் உட்கார்ந்துகொண்டு, எப்படிக் கழற்றுவது, எல்லோரும் பார்க்கிறார்களே என்று கையைப் பிசைந்துகொண்டிருந்தேன். மதன் வந்து நின்று, "அக்கா, பைர் இதர் குடுங்க. ஜல்தி. பின்னாடி பத்துப் பேரு நிக்குறாங்க" என்றார். காலை இங்கே கொடு, சீக்கிரம் என்று கையை நீட்டிக்கொண்டே நின்றார். குடுத்துவிட்டேன். அவ்வளவுதான் நடந்தது.

முகாமில் என் காலைக் கூடாரக் கம்பத்தில் சாய்த்து வைத்தால், அவர் தன் டார்ச்சை அதில் மாட்டிவிட்டுப் போகிறார். நேற்று ஸ்டவ் பற்றவைக்கும்போது காற்றுக்கு மறைப்பாக அதைத்தான் நிறுத்தினார். எனக்குக் கோபம் வரவில்லை. எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? அவருக்கு அது ஒரு சாமான். நல்ல சாமான், ஜாக்கிரதையாக வைத்துக்கொள்ள வேண்டிய சாமான். நீங்கள் அதைப் பார்க்கும்போதெல்லாம் தண்ணீர் லாரியைப் பார்க்கிறீர்கள். உங்கள் முகம் அப்படியே சுருங்குகிறது. அந்த முகத்தைப் பார்த்துவிட்டு நான் எப்படி நடப்பது?

கட்டு மாற்றினீர்கள். இல்லை என்று ஒருநாளும் சொல்ல மாட்டேன். தாழ்ப்பாள் போடுவதற்கு வேறு காரணம் இருக்கிறது. அதை எழுத இப்போது மனசு வரவில்லை.

நீங்கள் பொறாமைப்படுகிறீர்கள் என்று எனக்குப் புரிகிறது. நானும் என் பொறாமையைச் சொல்லிவிடுகிறேன், கணக்கு நேராகட்டும். உங்கள் மேல்தான். நீங்கள் ஞாயிற்றுக்கிழமை கால்மேல் கால் போட்டுக்கொண்டு பேப்பர் படிக்கும்போது, மேலே இருக்கிற காலின் பாதம் தானாக ஆடிக்கொண்டே இருக்கும். உங்களுக்குத் தெரியாது, ஆடும். அந்தக் கணுக்காலைப் பார்த்துக்கொண்டு சமையலறை வாசலில் நின்றிருக்கிறேன். இவருக்கு எதற்கு இரண்டு, லைப்ரரிக்கும் ஆபீஸுக்கும் போகிற மனுஷனுக்கு, என்று நினைத்திருக்கிறேன். நினைத்துவிட்டு உள்ளே போய் உங்களுக்கு இன்னொரு டம்ளர் காபி போட்டிருக்கிறேன்.

ஆமாம், ஆட்டோ கேட்டவள்தான். இருக்கும்போது அதை வைத்து என்ன செய்வது என்று தெரியவில்லை. இப்போது தெரிகிறது. ஜூன் மூன்றாம் தேதி எங்கள் குழு மேல்முகாமுக்குப் போகிறது. அங்கிருந்து உச்சி இரண்டு நாள். பன்னிரண்டு பேரில் கால் இல்லாதவர்கள் நாங்கள் மூன்று பேர். நான் ஒருத்திதான் பெண். எனக்கு அந்த உச்சியில் நிற்க வேண்டும், ஜம்பு. வேறு எதையும் இவ்வளவு ஆசைப்பட்டதாக ஞாபகம் இல்லை.

மாதுரி

~

கோல் மார்க்கெட்
28 மே 2024

மாது,

வெயில் நாற்பத்தாறு. கூலரில் தண்ணீர் ஊற்றினால் ஒரு மணி நேரத்தில் காலி. அங்கே குளிர் என்று எழுதியிருந்தால் அதற்கும் பொறாமைப்பட்டிருப்பேன், நல்லவேளை எழுதவில்லை.

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். அதில் "மதன்" என்ற பெயர் எத்தனை முறை வருகிறது என்று எண்ணக்கூடாது என்று நினைத்தேன். எண்ணிவிட்டேன். குழுவின் பக்கத்தில் உன் படங்கள் பதினான்கு இருக்கின்றன. ஒன்பதில் அவன் இருக்கிறான். கல்யாணமானவன் என்று எழுதியிருக்கிறாய். ராமசுப்ரமணியன்கூடக் கல்யாணமானவர்தான், என்ன சொல்ல வருகிறாய்?

சரி. அப்படி எழுதியது தப்பு. அடித்துவிடலாம் என்று பார்த்தால் நல்ல பேப்பர், இருக்கட்டும். நீ அப்படிப்பட்டவள் இல்லை என்று எனக்குத் தெரியாதா? என்னை உறுத்துவது அது இல்லை. அவன் "குடுங்க" என்றான், நீ குடுத்துவிட்டாய். ஒரே வார்த்தை. நான் ஏழு மாதமாகக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று என்னென்னவோ கேட்டுப் பார்த்துவிட்டேன். தைலம் வேண்டுமா, வெந்நீர் வேண்டுமா, அம்பிகாவை நிறுத்திவிட்டுப் பாத்திரத்தை நானே தேய்க்கட்டுமா? "ஒண்ணும் வேண்டாம், நீங்க தூங்குங்கோ." அதுதான் எனக்குக் கிடைத்த பதில்.

போன சனிக்கிழமை தால்கடோரா தோட்டத்தில் நடக்கப் போனேன். நீ பன்னிரண்டாயிரம் அடி ஏறும்போது நான் சும்மா இருந்தால் எப்படி என்று ஒரு ரோஷம். இரண்டாவது சுற்றில் மூச்சு வாங்கிவிட்டது. பெஞ்சில் உட்கார்ந்து என் கால்களைப் பார்த்தேன். நீ எழுதியது உண்மைதான், இவனுக்கு எதற்கு இரண்டு?

என் கணுக்காலைப் பற்றி நீ எழுதிய பிறகு பேப்பர் படிக்கும்போது காலை மடக்கி வைத்துக்கொள்கிறேன். பழகவில்லை. மரத்துப்போகிறது.

கோபித்துக்கொள்ளாதே. நீ திரும்பி வர வேண்டும், முழுசாக வர வேண்டும். அதற்கு வேண்டியதை நான் செய்திருக்கிறேன். இப்போது உனக்குப் பிடிக்காது. பிறகு புரியும்.

ஜம்பு

~

சாங்க்ரி
2 ஜூன் 2024

"புரியும்" என்று எழுதியிருந்தீர்கள். புரிந்துவிட்டது.

நேற்று மாலை தில்லி ஆபீஸிலிருந்து ஒயர்லெஸ்ஸில் கூப்பிட்டார்கள். நான் மேல்முகாமுக்குப் போகக்கூடாது, கீழேயே இருக்க வேண்டும் என்று அங்கே பொறுப்பில் இருக்கும் ஸ்வப்னா மேடம் சொன்னார்கள். ஏன் என்றால் என் கணவரிடமிருந்து முறைப்படி ஒரு கடிதம் வந்திருக்கிறது. இன்று ஜீப்பில் அதன் நகலும் வந்தது. ஆங்கிலத்தில் நீங்கள் எழுதியதைத் தமிழில் போடுகிறேன், அப்போதாவது உங்கள் காதில் விழுகிறதா பார்ப்போம்.

"பொருள்: திருமதி மாதுரியை உயர்மலை ஏற்றத்திலிருந்து விலக்கிவைத்தல் தொடர்பாக. மேற்படியார் 17.10.2023 அன்று தம் வீட்டில், சமதரையில், செயற்கைக் காலுடன் நடக்கும்போது எவ்விதக் காரணமுமின்றி விழுந்தார். இத்தகவலை மேற்படியார் தம் விண்ணப்பத்தில் தெரிவிக்கவில்லை. மேற்படியாரின் பாதுகாப்பைக் கருதி, கணவர் என்ற முறையில்..."

மேற்படியார்! பத்தொன்பது வருஷம் உங்களோடு குடித்தனம் நடத்தியவள் மேற்படியார்.

நாளைக் காலை மற்றவர்கள் கிளம்புகிறார்கள். இன்று எல்லோரும் மூட்டை கட்டுகிறார்கள், நான் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொருவராகக் குனிந்து ஷூ கட்டிப் பார்க்கிறார்கள். இந்த உலகத்தில் ஷூ கட்டுகிற ஒவ்வொருவர் மேலும் எனக்கு எரிகிறது. அதில் பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி, ஸ்நேஹா. என்னை அக்கா அக்கா என்று சுற்றிவருகிற நல்ல பெண். அவள் மேலும் எரிகிறது. என்னை இப்படி ஆக்கிவைத்தது நீங்கள்.

எவ்விதக் காரணமுமின்றி விழுந்தேனா? சரி, கேளுங்கள். யாரிடமும் சொல்லக்கூடாது என்று வைத்திருந்தேன்.

முதலில் செய்த கால் வெறுங்காலோடு நடக்கிற கால். ஷூ இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதற்கு ஒன்றுதான். புதுக் கால் அப்படி இல்லை. அதன் பாதத்தை ஷூவின் குதிகால் உயரத்துக்கு வைத்து முடுக்கியிருக்கிறார்கள். ஷூ போட்டால் நேராக நிற்கும். ஷூவைக் கழற்றினால் குதிகால் இறங்கி, உடம்பு முழுக்கப் பின்னால் தள்ளும். அதனால்தான் ஒரு புது ஷூவை வெளியே மண்ணில் படாமல், வீட்டுக்குள் போட என்றே வாங்கிக்கொண்டு வந்தேன். வந்த அன்றே உங்களிடம் சொன்னேன். நீங்கள் மூன்றாம் படியில் எந்தப் பொம்மை என்று பார்த்துக்கொண்டு "சரி, சரி" என்றீர்கள்.

அன்று மத்தியானம் ஷூவோடு காலைக் கட்டில் பக்கத்தில் வைத்துவிட்டுப் படுத்தேன். எழுந்து பார்த்தால் காலில் ஷூ இல்லை. வாசல் ஸ்டாண்டில், என் தட்டில், ஜோடியாக நேராக அடுக்கியிருக்கிறது. யார் எடுத்து வைத்தது? கொலு வைத்த வீட்டுக்குள் ஷூ இருக்கக்கூடாது என்று யாருக்குத் தோன்றும்?

அதற்குள் விசாலாக்ஷி மாமியும் மற்றவர்களும் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். வாசலுக்கு நொண்டிக்கொண்டு போய், அத்தனை பேர் நடுவே ஷூவை எடுத்து வந்து மாட்டிக்கொள்ள எனக்குக் கூச்சமாக இருந்தது. நாலு எட்டுத்தானே, சுவரைப் பிடித்துக்கொண்டு போய்விடலாம் என்று மாட்டினேன். கையில் தாம்பாளத்தைக் குடுத்துவிட்டீர்கள். சுவரைப் பிடிக்கக் கை ஏது? மூன்றாம் எட்டில் விழுந்தேன்.

அப்போது உங்களை ஒரு பார்வை பார்த்தேன். நீங்கள் என்னைப் பார்க்கவில்லை. எல்லோரையும் பார்த்துச் சொன்னீர்கள். "அவளுக்கு இன்னும் பழகலை. நான்தான் வேண்டாம்னு சொன்னேன்."

அன்று சாயங்காலம் என் காலை எடுத்துப் பரணில் வைத்தீர்கள், கொலு முடிகிற வரைக்கும் ரெஸ்ட் என்று. ஒரு வாரம் நான் ஊன்றுகோலோடு ஹாலில் உட்கார்ந்திருந்தேன். என் கால் என் தலைக்கு மேலே சூட்கேஸ் பக்கத்தில் கிடந்தது. கீழே வந்தவர்கள் எல்லோரும் மெட்டி தெரியக் கால் நீட்டி உட்கார்ந்து சுண்டல் சாப்பிட்டார்கள். ஒவ்வொருவர் காலையும் பார்த்தேன். விஜயதசமி அன்று நான் கேட்ட பிறகுதான் ஏணி போட்டு இறக்கினீர்கள். அன்றிலிருந்துதான் தாழ்ப்பாள். நீங்கள் இனி என் காலைத் தொடக்கூடாது என்றுதான்.

ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்பீர்கள். சொன்னால் உடைந்துபோவீர்கள் என்று பயம். பிறகு, எத்தனை நாளில் உங்களுக்கே தோன்றுகிறது பார்ப்போம் என்று வீம்பு. உங்களுக்குத் தோன்றவே இல்லை. அதை வைத்தே எனக்கு எதிராக மனு எழுதிவிட்டீர்கள்.

மாதுரி

~

கோல் மார்க்கெட்
5 ஜூன் 2024, புதன்

மாது,

உன் கடிதம் நேற்று சாயங்காலம் கைக்கு வந்தது. நின்றுகொண்டே படித்தேன். பிறகு வாசலுக்குப் போய்ச் செருப்பு ஸ்டாண்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நான்தான். ஞாபகம் வந்துவிட்டது. நீ தூங்கிக்கொண்டிருந்தாய். பழைய காலுக்குத் தினமும் அப்படித்தானே செய்வேன், அதே கைப்பழக்கம். உனக்கு உதவி செய்கிறேன் என்று நினைத்து, லேஸைத் தளர்த்தி, சத்தம் வராமல் கழற்றி, இரண்டையும் நேராக அடுக்கினேன். அடுக்கிவிட்டு எனக்குள் ஒரு திருப்திகூட இருந்தது. ஏழு மாதமாக நீ ஏன் விழுந்தாய் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன், என் கைக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை.

நீ எழுதியது எப்படியிருக்கும் என்று பார்க்க, சப்பாத்திப் பலகையைத் தரையில் வைத்து இடது காலின் முன்பாதத்தை மட்டும் அதன் மேல் ஏற்றி நின்றேன். ஒரு தட்டில் டம்ளர்களை வைத்துக் கையில் எடுத்துக்கொண்டேன். நிற்கவே முடியவில்லை. அடுத்த காலைத் தூக்கியதும் ஃப்ரிட்ஜில் போய் முட்டினேன். டம்ளரெல்லாம் விழுந்தது. யாரும் இல்லை பார்ப்பதற்கு. அதுதான் வித்தியாசம். பதினைந்து பேர் பார்த்திருந்தால், அதில் ஒருத்தி "இவருக்கு இன்னும் பழகலை" என்று சொல்லியிருந்தால், நான் அந்த வீட்டிலேயே இருந்திருக்க மாட்டேன்.

இன்று லீவு போட்டுவிட்டு ஸ்வப்னா மேடத்தின் ஆபீஸுக்குப் போனேன். வாயால் சொன்னால் போதும் என்றார். எனக்கு வாயால் சொல்லிப் பழக்கமில்லை, எழுதித் தருகிறேன் என்றேன். அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். உனக்கும் தமிழில் போடுகிறேன்.

"பொருள்: என்னுடைய முந்தைய கடிதத்தைத் திரும்பப் பெறுதல் தொடர்பாக. 17.10.2023 அன்று என் மனைவி மாதுரி விழுந்ததற்கு அவருடைய காலோ, திறமைக் குறைவோ காரணமல்ல. அவருக்குத் தெரியாமல் அந்தக் காலின் ஷூவைக் கழற்றியது கீழே கையொப்பமிட்டுள்ள நான். மேலும், முந்தைய கடிதத்தில் பாதுகாப்பு என்று குறிப்பிட்டது சரியல்ல. உண்மையான காரணம் பொறாமை. எனவே அவரை உடனே மேலே அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன்."

ஸ்வப்னா மேடம் இரண்டு முறை படித்தார். "யே ஃபைல் மே ரக்கூம் க்யா?" என்று கேட்டார். ஃபைலிலேயே வையுங்கள், டைரி நம்பர் போட்டு வையுங்கள் என்றேன். அவர் அங்கேயே ஒயர்லெஸ்ஸில் உங்கள் மேல்முகாமைக் கூப்பிட்டார். பேசியது மதன். உன் காலைத் தூக்கியவனிடம் நானே போய்க் கெஞ்சும்படி ஆகிவிட்டது பார். "மதன் தம்பி, அவங்களைக் கூட்டிண்டு போங்க" என்றேன். "நான் நாளைக்குக் கீழ இறங்கி வந்து அக்காவைக் கூட்டினு போறேன் சார், டென்ஷன் வேணாம்" என்றான். நல்லவனாக இருக்கிறான். அதனால் பொறாமை குறைந்துவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். கூடியிருக்கிறது. அவனுக்கு உன்னிடம் எப்படிக் கையை நீட்ட வேண்டும் என்று தெரிந்திருக்கிறது. எனக்குப் பத்தொன்பது வருஷத்தில் தெரியவில்லை.

மன்னித்துவிடு என்று எழுதினால் நீ பதில் எழுத வேண்டிவரும். அதனால் எழுதவில்லை. ஏறு.

உன் ஜம்பு

~

சாங்க்ரி
13 ஜூன் 2024, வியாழன்

ஜம்பு,

ஏறினேன். உச்சிக்குப் போகவில்லை.

மற்றவர்கள் ஏழாம் தேதியே உச்சியில் நின்றுவிட்டார்கள். மதன் எனக்காக மறுபடி கீழே வந்து, ஆறாம் தேதி நானும் அவரும் கிளம்பினோம். ஒன்பதாம் தேதி கடைசி மேட்டில் நிற்கிறோம், உச்சி எதிரிலேயே தெரிகிறது, ஒரு மணி நேர ஏற்றம். மேகம் இறங்க ஆரம்பித்தது. மதன் வானத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அக்கா, சலோ, வாபஸ். மலை எங்கயும் போவாது." அழுதுகொண்டே திரும்பினேன். உங்களைத் திட்டினேன். உங்கள் மனு தின்ற அந்த மூன்று நாள் இருந்திருந்தால் நானும் அந்தப் போட்டோவில் இருந்திருப்பேன். ஸ்நேஹா அதை எனக்குக் காட்டியபோது "ரொம்ப நன்னா இருக்கு" என்றேன். உள்ளே எரிந்தது.

அந்தக் கோபம் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். மூட்டையில் கட்டிக்கொண்டுதான் வருகிறேன். அக்டோபர் லீவில் மறுபடி போகிறேன். இந்த வருஷம் கொலுவை நீங்களே வையுங்கள். இது அனுமதி கேட்பது இல்லை, தகவல்.

உங்கள் இரண்டாவது மனுவின் நகலையும் ஜீப்பில் அனுப்பினார்கள். இறங்கி வந்த அன்றைக்குப் படித்தேன். "உண்மையான காரணம் பொறாமை" என்ற இடத்தில் நிறுத்தி, மறுபடி அந்த வரியைப் படித்தேன். ஆபீஸ் கோப்பில் எந்த ஆண்பிள்ளையும் அப்படி எழுதியிருக்க மாட்டான். அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். சப்பாத்திப் பலகையைக் கழுவினீர்களா?

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கு டேராடூன் பஸ் காஷ்மீரி கேட்டுக்கு வருகிறது. பஸ் ஸ்டாண்டுக்கு வாருங்கள். முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், நான் காலோடு இறங்க மாட்டேன். இறக்கத்தில் தோல் உரிந்து வீங்கியிருக்கிறது, பத்து நாளைக்கு மாட்டக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். இரண்டு கையிலும் ஊன்றுகோல் இருக்கும். காலை வேறு யாராவது வாங்கிக்கொள்ள வேண்டும். தில்லி வரைக்கும் நானே தூக்கிவந்து வீட்டில் சேர்க்கிறேன் என்று மதன் சொன்னார். வேண்டாம், அங்கே ஆள் வருவார் என்று சொல்லிவிட்டேன்.

பஸ் படியில் நின்று "குடுங்க" என்று கேளுங்கள். வேறு ஒன்றும் சொல்ல வேண்டாம். வெந்நீர், தைலம் எல்லாம் அப்புறம். தோளில் போட்டுக்கொள்ளுங்கள், அக்குளில் இடுக்கிக்கொள்ள வேண்டாம், வழுக்கும். ஆட்டோக்காரர்கள் பார்ப்பார்கள், பார்க்கட்டும். முகத்தை மட்டும் சுருக்காதீர்கள்.

வீட்டு வாசலில் செருப்பு ஸ்டாண்ட் வரும். உங்கள் செருப்பைக் கழற்றி நேராக வையுங்கள், அது உங்கள் இஷ்டம். என் காலிலிருந்து ஷூவைக் கழற்றி அங்கே வைக்காதீர்கள். அடியில் மலை மண் ஒட்டியிருக்கிறது, துடைக்க வேண்டாம். ஷூவோடு அப்படியே ஹாலைத் தாண்டி, அறைக்குள் கொண்டுபோய், கட்டிலில் என் பக்கம் வையுங்கள்.

மாது